ஓர் இங்கிலாந்து டிஸ்ட்ரிக்டின் தேர்தல் வரலாற்றைப் படிப்பது எப்படி? மிட் சஃபோக்கை வைத்து ஓர் எளிய விளக்கம்

இங்கிலாந்தில் ஏதாவது ஒரு டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலின் தேர்தல் வரலாற்றைத் தேடினால், பெரும்பாலும் கிடைப்பது ஓர் அட்டவணைதான். இடது ஓரத்தில் 1973 தொடங்கி ஆண்டுகள், மேலே கட்சிப் பெயர்கள், கட்டங்களுக்குள் இடங்களின் எண்ணிக்கை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் கேள்விகள் எழும். ஏன் எல்லா டிஸ்ட்ரிக்டும் 1973-இல் தொடங்குகிறது? அதற்கு முன் அந்த ஊர்களில் தேர்தலே கிடையாதா? முதலில் மூன்று ஆண்டு இடைவெளி, பிறகு நான்கு ஆண்டு என்று ஏன் மாறுகிறது? 40 ஆக இருந்த இடங்கள் 34 ஆனது எப்படி? பக்கத்து ஊரில் மட்டும் ஏறக்குறைய ஆண்டுதோறும் தேர்தல் நடக்கிறதே, அது ஏன்?

இதற்கெல்லாம் விடை தெரியாமல் யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று மட்டும் படித்தால் தவறாகத்தான் புரிந்துகொள்வோம். எல்லைக்கோடு எங்கே போட்டார்கள், மொத்தம் எத்தனை இடம், எந்த நாளில் வாக்களித்தார்கள் என்பதை முதலில் பார்த்துவிட்டுக் கட்சிக் கணக்குக்கு வருவதே சரியான வரிசை என்பது என் எண்ணம். அப்படிப் பார்க்க நான் எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் கவுண்டியில் இருக்கும் மிட் சஃபோக் டிஸ்ட்ரிக்ட். வயலும் சிற்றூர்களுமான அமைதியான பகுதி. 2023-இல் இங்கே நடந்தது அதற்கு முன் நாட்டில் வேறெங்கும் நடந்ததில்லை. அது என்ன என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் அடித்தளம் வேண்டும்.

டிஸ்ட்ரிக்ட் என்றால் எவ்வளவு பெரியது?

டிஸ்ட்ரிக்ட் என்ற சொல்லைக் கேட்டதும் பல லட்சம் மக்கள், ஒரு கலெக்டர் என்று நம் ஊர் மாவட்டம் நினைவுக்கு வரும். அந்த அளவை மறந்துவிடுங்கள். மிட் சஃபோக்கில் வசிப்பவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர்தான். ஸ்டோமார்க்கெட், நீடம் மார்க்கெட், ஐ என்று மூன்று சிறு நகரங்கள். மற்றவை நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள். ஒரு தாலுகாவை மனதில் வைத்துக்கொண்டால் ஓரளவு சரியாக இருக்கும். ஐ என்ற ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் கண்ணைக் குறிக்கும் சொல்லைப் போலவே எழுதுவார்கள். ஆனால் அது பழைய ஆங்கிலத்தில் தீவு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. சுற்றிலும் ஈரநிலமாக இருந்த மேட்டில் எழுந்த ஊர் அது.

இங்கே உள்ளாட்சி மூன்று படிகளாக இருக்கிறது. அடியில் கிராமத்துக்கான பாரிஷ் கவுன்சில், நடுவில் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், மேலே சஃபோக் கவுண்டி கவுன்சில். பள்ளிக்கூடம், சாலை, நூலகம், முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுண்டியின் பொறுப்பு. குப்பை அள்ளுவது, கவுன்சில் வீடுகள், விளையாட்டு மையங்கள், வாக்காளர் பட்டியல் ஆகியவை டிஸ்ட்ரிக்டிடம். கவுன்சில் வரி கேட்டு வீட்டுக்கு வரும் சீட்டை அனுப்புவதும் டிஸ்ட்ரிக்ட்தான். ஆனால் வசூலாகும் பணத்தில் சிறு பங்குதான் அதற்கு. பெரும் பங்கு கவுண்டிக்குப் போய்விடும்.

டிஸ்ட்ரிக்டின் கையில் இருப்பதில் மிகப் பெரிய அதிகாரம் கட்டட அனுமதி. ஒரு கிராமத்தின் ஓரத்து வயலில் இருநூறு வீடு கட்டலாமா கூடாதா என்று முதலில் தீர்மானிப்பது அதுதான். இங்கிலாந்துக் கிராமத்து மக்களைக் கூட்டத்துக்கு வரவைக்கும் விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். பின்னால் வரும் கதைக்கு இது தேவைப்படும்.

1973-க்கு முன்னால்

அட்டவணை 1973-இல் தொடங்குவதற்குக் காரணம், அந்த டிஸ்ட்ரிக்டே அப்போதுதான் பிறந்தது. 1972-இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் நாட்டின் பழைய உள்ளாட்சிகளை ஒட்டுமொத்தமாகக் கலைத்துவிட்டுப் புதிதாக வரைந்தது. நடைமுறைக்கு வந்த நாள் 1974 ஏப்ரல் 1. பெருநகரப் பகுதிகளுக்கும் லண்டனுக்கும் வெளியே மட்டும் 296 டிஸ்ட்ரிக்டுகள் இங்கிலாந்தில் உருவாயின. மிட் சஃபோக் அவற்றுள் ஒன்று.

அதை ஐந்து பழைய அமைப்புகளைச் சேர்த்துத் தைத்தார்கள். ஐ என்ற சின்னஞ்சிறு நகராட்சி, ஸ்டோமார்க்கெட் நகர டிஸ்ட்ரிக்ட், அப்புறம் கிப்பிங், ஹார்ட்டிஸ்மியர், தெட்வாஸ்டர் என்று மூன்று ஊரக டிஸ்ட்ரிக்டுகள். கிப்பிங் ஓர் ஆற்றின் பெயர். மற்ற இரண்டும் ஆங்கிலோ-சாக்சன் காலத்து நிலப்பிரிவுகளின் பெயர்கள். சஃபோக் அதுவரை கிழக்கு, மேற்கு என்று இரண்டு கவுண்டி கவுன்சில்களாகப் பிரிந்திருந்தது. தெட்வாஸ்டர் மேற்கைச் சேர்ந்தது, மற்ற நான்கும் கிழக்கைச் சேர்ந்தவை. ஆக, புது டிஸ்ட்ரிக்ட் ஒரு பழைய எல்லைக்கோட்டின் மீதே உட்கார்ந்திருந்தது. ‘நடு சஃபோக்’ என்ற பெயரில் ஊர்ப்பெயர் எதுவுமே இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாக எனக்குப் படுகிறது. ஐந்தில் எந்த ஒன்றின் பெயரை வைத்தாலும் மற்ற நான்குக்கும் பிடித்திருக்காது.

இந்த ஐந்துக்கும் தனித்தனியாக நீண்ட தேர்தல் வரலாறு உண்டு. 1835-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் பழைய நகராட்சிகளில் தேர்தலைக் கட்டாயமாக்கியது. ஐ நகரமும் அவற்றில் அடங்கும். வரி செலுத்தும் ஆண் குடித்தனக்காரர்கள் வாக்களிப்பார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று கவுன்சிலர்களில் மூன்றில் ஒரு பகுதியினர் ஓய்வுபெற, அந்த இடங்களுக்குத் தேர்தல் நடக்கும். இந்த மூன்றில் ஒன்று என்ற பழக்கத்தை நினைவில் வையுங்கள், இன்றும் அது உயிரோடு இருக்கிறது.

கிராமங்களுக்கு வாய்ப்பு வந்தது 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தால். ஊரக டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்களும் பாரிஷ் கவுன்சில்களும் அப்போதுதான் உருவாயின. அந்த ஆண்டு டிசம்பரில் முதல் தேர்தல். பெண்கள் விஷயத்தில் உள்ளாட்சி நாடாளுமன்றத்தை விட மிகவும் முன்னால் போனது. வரி செலுத்தும் மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் 1869-லேயே நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றார்கள். நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1918-இல். இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு. வரியோடும் வீட்டோடும் கட்டிப்போட்டிருந்த உள்ளாட்சி வாக்குரிமை எல்லாருக்குமாக விரிந்தது 1945-இல். தேர்தல் நவம்பரிலிருந்து மே மாதத்துக்கு மாறியது 1949-இல். வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆகக் குறைந்தது 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால். ஆக, 1973 அட்டவணையின் முதல் வரிக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேலான இழுபறி இருக்கிறது.

கவுன்சில் பிறக்கும் முன்பே தேர்தல்

புது டிஸ்ட்ரிக்ட் 1974 ஏப்ரலில்தான் பொறுப்பேற்றது. தேர்தலோ 1973 ஜூன் 7 அன்றே நடந்துவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பத்து மாதம் அதிகாரமில்லாத நிழல் கவுன்சிலாக இருந்து, அலுவலகம், ஆட்கள், வரவு செலவுத் திட்டம் எல்லாவற்றையும் தயார் செய்தார்கள். அந்தப் பத்து மாதமும் பழைய ஐந்து கவுன்சில்கள் வழக்கம்போல வேலை பார்த்துக்கொண்டிருந்தன. அட்டவணையில் 1973 என்றும் வரலாற்றுக் குறிப்பில் 1974 என்றும் இருவேறு ஆண்டுகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டும் சரிதான்.

அடுத்த தேர்தல் 1976-இல், அதற்கடுத்தது 1979-இல். அதன் பிறகு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை: 1983, 1987, 1991 என்று தொடர்ந்து 2019, 2023 வரை. மிட் சஃபோக்கில் எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல்.

பக்கத்திலேயே இருக்கும் இப்ஸ்விச்சில் அப்படி இல்லை. அங்கே 16 வார்டு, வார்டுக்கு மூன்று பேர், மொத்தம் 48 கவுன்சிலர்கள். ஒவ்வொரு முறையும் வார்டுக்கு ஒருவர் வீதம் 16 இடங்களுக்கு மட்டும் தேர்தல் நடக்கும். மூன்று ஆண்டு இப்படிப் போய், நான்காம் ஆண்டு கவுண்டி கவுன்சில் தேர்தலுக்கு விடப்படும். 1835-இன் பழைய வழக்கம்தான் வேறு உருவில் தொடர்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு போன்ற சில இடங்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாதிப் பாதியாகவும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்த வித்தியாசம் வெறும் நடைமுறை இல்லை, வரலாற்றின் போக்கையே மாற்றக்கூடியது. இப்ஸ்விச் முறையில் ஒரு கட்சிக்கு ஒரு மோசமான ஆண்டு வந்தாலும் அதன் மூன்றில் இரண்டு பங்கு கவுன்சிலர்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அட்டவணை மெல்ல மெல்லத்தான் நிறம் மாறும். மிட் சஃபோக் முறையில் ஒரே வியாழக்கிழமையில் எல்லாம் தலைகீழாகலாம். இரண்டு டிஸ்ட்ரிக்டின் அட்டவணைகளை அருகருகே வைத்து ‘இந்த ஊர் மக்கள் நிதானமானவர்கள், அந்த ஊர் மக்கள் சட்டென்று மாறுபவர்கள்’ என்று முடிவுகட்டுவது பெரிய பிழை. மாறுவது மக்களின் குணமாக இருக்க வேண்டியதில்லை, தேர்தல் சுழற்சியாக இருக்கலாம்.

வார்டும் வாக்கும்

டிஸ்ட்ரிக்ட் பல வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நம் ஊர் வார்டு என்றால் ஒரு கவுன்சிலர்தான். இங்கே ஒரே வார்டுக்கு ஒருவரோ, இருவரோ, மூவரோ இருக்கலாம். இரண்டு பேர் வார்டு என்றால் உங்களுக்கு இரண்டு வாக்கு. வாக்குச்சீட்டில் இரண்டு பெயருக்கு எதிரே பென்சிலால் பெருக்கல் குறி போடலாம், வேண்டுமானால் ஒன்றோடு நிறுத்தலாம். இரண்டும் ஒரே கட்சிக்கு என்ற கட்டாயமில்லை. அதனால் ஒரே வார்டிலிருந்து இரு வேறு கட்சிக்காரர்கள் ஜெயித்து வருவதும் உண்டு. அப்படிப்பட்ட வார்டைப் பார்த்தால், கட்சியைத் தாண்டி ஆளுக்கு விழுந்த வாக்கு அங்கே நிறைய என்று ஊகிக்கலாம்.

அதிக வாக்கு பெற்றவர் ஜெயித்தார், அவ்வளவுதான் விதி. பாதிக்கு மேல் வேண்டும் என்பதில்லை. நான்கு பேர் நின்றால் முப்பது சதவீதத்தோடு ஒருவர் வந்துவிடலாம். இதன் விளைவு சில இடங்களில் மிகக் கூர்மையாகத் தெரியும். கிழக்கு லண்டனின் நியூஹாம் பரோவில் 2010, 2014, 2018 என்று மூன்று தேர்தல்களிலும் 60 கவுன்சிலர் இடங்களில் 60-ஐயும் தொழிற்கட்சி பிடித்தது. மற்றவர்களுக்கு வாக்களித்தவர்களும் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்காகப் பேச அவையில் ஒரு குரல்கூட இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். நாடாளுமன்றத் தேர்தல் முறையை மாற்றலாமா என்று 2011-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். ஸ்காட்லாந்து தன் உள்ளாட்சித் தேர்தல்களை 2007-இலிருந்து விகிதாசார முறைக்கு மாற்றிக்கொண்டுவிட்டது. இங்கிலாந்தில் பழைய முறையே தொடர்கிறது.

இருவருக்குச் சமமாக வாக்கு விழுந்தால்? குலுக்கல்தான். தேர்தல் அலுவலர் சீட்டு எடுக்கலாம், வைக்கோல் குச்சி இழுக்கச் சொல்லலாம். 2017-இல் நார்தம்பர்லண்ட் கவுன்சில் தேர்தலில் சவுத் பிளைத் வார்டில் அப்படித்தான் முடிவானது. குச்சி லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் பக்கம் வந்தது. கன்சர்வேட்டிவ் கட்சி ஒரே ஓர் இடத்தில் பெரும்பான்மையைத் தவறவிட்டது.

வேட்பாளராவது எளிது. அதே பகுதி வாக்காளர்கள் இருவர் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டால் போதும். முன்பு பத்துப் பேர் தேவைப்பட்டது. வைப்புத்தொகை எதுவும் கிடையாது. ஜெயித்தாலும் சம்பளம் இல்லை, ஒரு படித்தொகை மட்டும். அதனால் ஆள் கிடைக்காமல் போவதும் உண்டு. கிராமப்புற டிஸ்ட்ரிக்டுகளின் பழைய முடிவுகளைப் புரட்டினால் ‘போட்டியின்றித் தேர்வு’ என்ற குறிப்பு அடிக்கடி கண்ணில் படும். அந்த வார்டில் அன்று வாக்குப்பதிவே நடக்கவில்லை என்று பொருள். இப்படிப்பட்ட தேர்தல்களில் மொத்த வாக்கு சதவீதத்தை மட்டும் வைத்து ஒரு கட்சியின் பலத்தை அளக்க முடியாது. போட்டியே இல்லாத வார்டின் மக்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

யாரெல்லாம் வாக்களிக்கலாம் என்பதில் நம்மவர்களுக்கு நேரடித் தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேண்டியதில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்த நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவில் அங்கே குடியிருந்தால் பட்டியலில் பெயர் சேர்த்து வாக்களிக்கலாம். படிக்கப் போன மாணவருக்கும் இது பொருந்தும். உள்ளாட்சிக்கு மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலுக்கும் உண்டு. பெயர் சேர்ப்பது டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலின் வேலைதான். 2023 மே தேர்தலிலிருந்து வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளச் சான்றும் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் குடியிருக்கும் தமிழர் யாராவது இதைப் படித்தால், இந்தப் பத்தியையாவது பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லிவிடுங்கள்.

40 எப்படி 34 ஆனது?

கவுன்சிலில் எத்தனை இடம், வார்டு எல்லை எங்கே என்பதைக் கட்சிகள் தீர்மானிப்பதில்லை. இங்கிலாந்துக்கென்று உள்ளாட்சி எல்லை ஆணையம் ஒன்று சுதந்திரமாக இயங்குகிறது. அது முக்கியமாகப் பார்ப்பது மூன்று விஷயம். ஒரு கவுன்சிலருக்கு இத்தனை வாக்காளர் என்ற விகிதம் எல்லா வார்டிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறதா? ஒன்றோடொன்று பழகிய ஊர்கள் சேர்ந்தே இருக்கின்றனவா? நிர்வாகத்துக்கு வசதியாக இருக்கிறதா? முதலாவதும் இரண்டாவதும் எப்போதும் மோதிக்கொள்ளும். ஊர்களை உடைக்காமல் எண்ணிக்கையைச் சமப்படுத்துவது கடினம்.

மிட் சஃபோக்கில் 2003-இலிருந்து 40 இடங்கள் இருந்தன. 2019 தேர்தலுக்குமுன் ஆணையம் அதை 34 ஆகக் குறைத்துப் புது வார்டுகளை வரைந்தது. 80,000 வாக்காளர்கள் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முன்பு கவுன்சிலருக்கு 2,000 பேர், இப்போது சுமார் 2,350 பேர். அட்டவணையில் 2015-க்கும் 2019-க்கும் நடுவே ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஒரு கட்சி ஐந்து இடம் இழந்தது என்றால், அதில் எத்தனையை வாக்காளர் பறித்தார், எத்தனை இடமே இல்லாமல் போனது என்று பிரித்துப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

தேர்தல் நடந்த நாள்

பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தனியாக நடக்கும் உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு வாக்காளர் வந்தால் அது வழக்கமான அளவு. நாடாளுமன்றத் தேர்தலோடு ஒரே நாளில் வந்தால் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு பேர் வருவார்கள். வருகிறவர்களும் பிரதமரை நினைத்துக்கொண்டு வருவார்கள். கிராமத்துக் கட்டட அனுமதி அன்று யார் நினைவிலும் இருக்காது.

மிட் சஃபோக்கின் வரலாற்றில் இது இரண்டு முறை நேர்ந்தது. 1979 மே 3 அன்று மார்கரெட் தாட்சரை ஆட்சிக்குக் கொண்டுவந்த தேர்தல் நடந்த அதே நாளில் டிஸ்ட்ரிக்ட் தேர்தலும் நடந்தது. 2015 மே 7 அன்று டேவிட் கேமரனின் கன்சர்வேட்டிவ் கட்சி நாடாளுமன்றத்தில் தனிப் பெரும்பான்மை பெற்றபோதும் அப்படியே. அன்று மிட் சஃபோக் கவுன்சிலிலும் கன்சர்வேட்டிவ் கட்சிக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தது. அடுத்த தேர்தலில் அது கரைந்ததைப் பார்க்கும்போது, 2015-இன் உயரத்தை ஊரின் இயல்பான நிலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது புரியும். 1983-லும் 1987-லும் வேறு மாதிரி: மே மாதம் உள்ளாட்சித் தேர்தல், ஜூனில் நாடாளுமன்றத் தேர்தல். உள்ளாட்சி முடிவுகளை வைத்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டே தாட்சர் நாள் குறித்தார்.

அதேபோல, நாட்டு அரசியலின் கோபம் உள்ளாட்சியில் இறங்குவதும் உண்டு. 1995-இல் நாடெங்கும் கன்சர்வேட்டிவ் கட்சி சுமார் 2,000 கவுன்சிலர்களை இழந்தது. 2019-இல் பிரெக்ஸிட் இழுபறியின் நடுவே 1,300-க்கும் மேல். 2023-இல் மறுபடியும் 1,000-க்கும் மேல். இவர்களில் பலர் தங்கள் வார்டில் நன்றாகவே வேலை செய்திருப்பார்கள். லண்டனில் நடந்ததற்கு இவர்கள் விலை கொடுத்தார்கள்.

மிட் சஃபோக்கின் கதை

சரி, இப்போது கட்சிகளுக்கு வரலாம். ஊரக டிஸ்ட்ரிக்டுகளின் பழைய வரலாற்றில் முதலில் கண்ணில் படுவது சுயேச்சைகள். கிராமத்து விவசாயி, பள்ளி ஆசிரியர், கடைக்காரர் என்று ஊருக்குத் தெரிந்தவர் நிற்பார், ஊரார் வாக்களிப்பார்கள். கட்சிச் சின்னத்தோடு டிஸ்ட்ரிக்ட் தேர்தலில் நிற்பதையே பலர் விரும்பாத காலம் அது. 1974-க்குப் பிறகு கவுன்சில்கள் பெரிதாயின. பக்கத்துக் கிராமத்தாருக்கு முகம் தெரியாத வேட்பாளருக்குக் கட்சிப்பெயர்தான் அடையாளம் ஆனது. இங்கிலாந்தின் கிராமப்புறம் முழுக்க, பத்தாண்டுக்குப் பத்தாண்டு சுயேச்சைகள் குறைந்துகொண்டே போனார்கள். ஐந்து சிறு கவுன்சில்களை ஒன்றாக்கியதன் இந்த விலையைப் பற்றி அதிகம் பேசப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

கட்சிகள் என்று பார்த்தால் இது நெடுங்காலமாகக் கன்சர்வேட்டிவ் கட்சியின் நிலம் என்பதுதான் பொதுவான எண்ணம். ஆனால் ஐ நாடாளுமன்றத் தொகுதி 1951 வரை லிபரல் கட்சியின் எட்கர் கிரான்வில் கையில் இருந்தது. அந்த ஆண்டுதான் கன்சர்வேட்டிவ் அதைப் பிடித்தது. மூன்றாவது ஒரு கட்சிக்கு வாக்களிக்கும் பழக்கம் இந்த வயல்வெளிகளுக்குப் புதிதில்லை.

பசுமைக் கட்சி 2000-களில் இங்கே ஒரு சில இடங்களோடு உள்ளே வந்தது. மெண்டில்ஷம், ஹாக்லி போன்ற கிராமப்புற வார்டுகள்தான் அதன் தொடக்கம். பெரிய நகரத்துப் பல்கலைக்கழக வட்டாரத்துக் கட்சி என்று பெயரெடுத்த ஒரு கட்சி, வைக்கோல் போர் நிற்கும் ஊரில் வேர்விட்டது. ஒரு வார்டில் ஓர் ஆள் ஜெயிப்பார். ஆண்டு முழுக்கக் கதவு தட்டி, குறை கேட்டு, துண்டறிக்கை போட்டுத் தக்கவைப்பார். அடுத்த தேர்தலில் பக்கத்து வார்டு. ஒரு வார்டுக்கு இரண்டாயிரம் சொச்சம் வாக்காளர், அதில் மூன்றில் ஒரு பங்கினர் வாக்களிப்பார்கள் என்றால், நானூறு வாக்குகூட ஒருவரை ஜெயிக்கவைக்கலாம். நானூறு பேரை ஒரு மனிதர் நான்கு ஆண்டில் நேரில் பார்த்துப் பேசிவிட முடியும். டிஸ்ட்ரிக்ட் தேர்தலின் தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது. நாடாளுமன்றத் தொகுதியில் இது நடக்காது.

இதே காலத்தில்தான் ஏ14 நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டிய தர்ஸ்டன், எல்ம்ஸ்வெல் போன்ற கிராமங்களில் புதுக் குடியிருப்புகள் வளர்ந்தன. வீடு வருகிறது, பள்ளியும் மருத்துவரும் எங்கே என்ற கேள்வி ஊர் ஊராக எழுந்தது. கவுன்சில் அலுவலகமும் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து பாபர் டிஸ்ட்ரிக்டோடு இணைவதா என்று 2011-இல் இரண்டு இடத்திலும் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மிட் சஃபோக் ஆம் என்றது, பாபர் இல்லை என்றது, அதனால் இணைப்பு நடக்கவில்லை. ஆனாலும் இரண்டு கவுன்சில்களும் அலுவலர்களைப் பகிர்ந்துகொண்டன. 2017-இல் இரண்டும் இப்ஸ்விச்சுக்குக் குடிபெயர்ந்தன; மிட் சஃபோக் விட்டுப் போனது நீடம் மார்க்கெட்டில் இருந்த தலைமை அலுவலகத்தை. மிட் சஃபோக்கின் தலைமையகம் இன்று மிட் சஃபோக்குக்கு வெளியே இருக்கிறது.

2019 மே 2 தேர்தலில் 34 இடங்களில் கன்சர்வேட்டிவ் 16, பசுமைக் கட்சி 12, லிபரல் டெமாக்ரட் 5, சுயேச்சை 1. பெரும்பான்மைக்கு 18 வேண்டும், எவரிடமும் இல்லை. பெரும்பாலான அட்டவணைகளில் இதை ‘எவர் கட்டுப்பாட்டிலும் இல்லை’ என்று குறிப்பார்கள். ஆட்சியே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. கூட்டணி அமைக்கலாம், சிறுபான்மையாக நடத்தலாம். இந்தக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்: 16-உம் 1-உம் 17, 12-உம் 5-உம் 17. வாக்குகள் இப்படிச் சரிபாதியாகப் பிரிந்தால், கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவருக்குச் சட்டம் இரண்டாவது வாக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறது. அவைத் தலைவர் பதவி வெறும் அலங்காரப் பதவி இல்லை என்பது இப்படிப்பட்ட அவைகளில்தான் புரியும். கன்சர்வேட்டிவ் தலைமை மேலும் நான்கு ஆண்டு தொடர்ந்தது.

2023 மே 4 தேர்தலில் பசுமைக் கட்சிக்கு 24, கன்சர்வேட்டிவுக்கு 6, லிபரல் டெமாக்ரட்டுக்கு 4. பிரிட்டனில் ஒரு முதன்மைக் கவுன்சிலில், அதாவது பாரிஷுக்கு மேலே உள்ள ஒரு கவுன்சிலில், பசுமைக் கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது அதுவே முதல்முறை. 2011-இல் பிரைட்டன் அண்ட் ஹோவ் நகரில் அவர்கள் ஆட்சி நடத்தியது உண்மை. ஆனால் அங்கே 54-இல் 23 இடம்தான், சிறுபான்மை ஆட்சி. முழுப் பெரும்பான்மை கிடைத்தது சஃபோக்கின் கிராமங்களில். ஆண்டி மெல்லன் கவுன்சில் தலைவரானார்.

மேலே சொன்ன சட்டகத்தை இப்போது இதன்மேல் வைத்துப் பாருங்கள். தேர்தல் தனியாக வந்தது, நாடாளுமன்றத் தேர்தலோடு சேரவில்லை. நாடு முழுக்கக் கன்சர்வேட்டிவ் எதிர்ப்பு அலை. 2019-இல் வரைந்த அதே வார்டுகள், அதே 34 இடங்கள். எனவே 12-இலிருந்து 24 என்பது உண்மையான ஒப்பீடு. எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல். இப்ஸ்விச் முறை இங்கே இருந்திருந்தால் அன்று மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத்தான் தேர்தலே நடந்திருக்கும். அதிக வாக்கு பெற்றவரே ஜெயிக்கும் முறை வாக்கில் இருந்த முன்னிலையை இடங்களில் பெருக்கிக் காட்டியது. இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த 24. கதவு தட்டிய உழைப்பை இது குறைத்துச் சொல்வதாகாது. அந்த உழைப்பு இல்லாத டிஸ்ட்ரிக்டுகளில் அதே அலை வேறு கட்சிகளிடம் போனது.

2024 ஜூலை நாடாளுமன்றத் தேர்தலில் புதிதாக உருவான வேவ்னி வேலி தொகுதியில் பசுமைக் கட்சியின் ஏட்ரியன் ராம்சே ஜெயித்தார். ஐ நகரம் அந்தத் தொகுதிக்குள்தான் வருகிறது.

அந்த ஆண்டு டிசம்பரில் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் என்ற இரண்டு அடுக்குகளையும் ஒன்றாக்கி, எல்லா வேலையையும் பார்க்கும் ஒரே கவுன்சிலாக மாற்றுவது அதன் நோக்கம். சஃபோக் முதல் வரிசையில் சேர்க்கப்பட்டு, 2025 மே மாதம் நடக்க வேண்டிய கவுண்டி தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. கவுண்டி கவுன்சில் சஃபோக் முழுமைக்கும் ஒரே அமைப்பு வேண்டும் என்றது, டிஸ்ட்ரிக்டுகள் மூன்றாகப் பிரிக்கக் கேட்டன. இரண்டு யோசனையிலும் மிட் சஃபோக் என்ற பெயரில் ஒரு கவுன்சில் இல்லை. ஐ, ஸ்டோமார்க்கெட், கிப்பிங், ஹார்ட்டிஸ்மியர், தெட்வாஸ்டர் ஆகிய ஐந்தின் தேர்தல் பட்டியல்களும் 1974-இல் முடிந்துபோனதைப் போல, 1973-இல் தொடங்கும் இந்த அட்டவணைக்கும் அப்போது ஒரு கடைசி வரி வரும்.